முப்பது விநாடி

கதைப்படி இன்று கோடை தொடங்குகிறது.
"முடிந்தால்தானே தொடங்க?"
என்ற ஒளிப்பதிவாளருக்கு
இயக்குநர் வெய் லியாங் பதில் சொல்லவில்லை.
அவர் முதுகில் உப்பு கோடு கிழித்திருந்தது.

பாசிர் ரிஸ். செவ்வாய்க்கிழமை.
பராமரிப்புக்காக நீர்ப்பூங்கா மூடல் என்று வாசலில் பலகை.
உள்ளே எழுபது பிணங்கள்
வரிசையில் நின்று பீஹூன் வாங்குகின்றன.

ரத்தம், பண்டோங்கில் ஊற்றுகிற ரோஜாப்பாகு.
மூளை, தாவ்ஹுவே.
குடல் எதில் செய்தது, ஹலாலா என்று
கன்னம் கிழிந்த ஹுதா கேட்டாள்.
அகர் அகர் பொட்டலத்தைக் காட்டிய பிறகே
ஒரு முழம் கவ்வினாள்.
எறும்புகள் எதையும் விசாரிக்கவில்லை.

நான் மூன்றாம் சறுக்கின் உச்சியில்.
தொண்ணூற்று நான்கு படி, ஒரு குடை, ஒரு விசில்.
சட்டையில் 'மங்கை' என்ற பெயர்ப்பட்டை.
மிச்சம் 'யர்க்கரசி'க்கு அதில் இடமில்லை.
பதினொரு வருடமாக எனக்கு ஒரே வசனம்:
படுங்க.
கையை மார்புல குறுக்கே வைங்க.
கணுக்காலைப் பின்னுங்க.
தலையைத் தூக்காதீங்க.
போங்க.
அப்புறம் முப்பது விநாடி எண்ணுவேன்.
அப்புறம் அடுத்த ஆள்.

கீழிருந்து ஒலிபெருக்கி:
"எழுபதும் ஒண்ணா வரணும்! கொட்டணும்!"
"ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்," என்றேன். "முப்பது விநாடி."
"அவங்க செத்தவங்க லா!"
"செத்தவங்களுக்குன்னு தனி விதி
எழுதிக் கொடுக்கலையே, சார்."

கணக்குப் போட்டார்கள்.
கதாநாயகியை விழுங்கி முடிக்க
முப்பத்தைந்து நிமிடம்.
இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவள்
யாரிடமோ கைப்பேசி கேட்டாள்.

முதல் ஜாம்பி ஏழு வயது.
அளவுக்கம்பத்தில் நிறுத்தினேன்.
முடியை ஜெல் தடவி நட்டு வைத்திருந்தார்கள்;
உள்ளங்கையால் அமுக்கினேன்.
மூன்று சென்டிமீட்டர் குறைவு.
அழுதான். அழ அழப் பச்சைச் சாயம் கரைந்து
இரண்டு கோடாகப் பிள்ளை வெளியே வந்தான்.
அவன் அம்மா, தொண்டையில் கோடரியோடு,
மேலாளரைக் கூப்பிடு என்றார்.

மேலாளருக்கு முன்னால் சைரன் வந்தது.
இடி எச்சரிக்கை. எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியே.

மூன்று நாளாக வெய் லியாங்
தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்:
ஜாம்பி ஓடாது, இழுத்து இழுத்துத்தான் நடக்கும்.
இப்போது பார்க்கணுமே.
காலில்லாதவர் ஓடினார்.
கழுத்து திரும்பியவர்
நேராகப் பார்த்துக்கொண்டு ஓடினார்.
யாருடைய கையையோ எடுத்துக்கொண்டு
இன்னொருவர் ஓடினார்.
உயிருக்குப் பயந்து எழுபது பிணங்கள்
கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டன.
படத்திலேயே சிறந்த காட்சி.
கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்தார்கள்.

மழைக்குள், பாதி மண்டையோடு
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் சவரிராஜ் கேட்டார்:
"நீ எத்தனை தடவை சறுக்கியிருப்பே?"
யோசித்தேன்.
ஏறியது தெரியும்.
இறங்கியதும் படி வழியாகத்தான்.

நாலரைக்கு வெயில் திரும்பியது.
ஆட்கள் பாதி கலைந்தாயிற்று.
ஹுதா என் நெற்றியில் ஒரு வெட்டு வரைந்தாள்.
பாகு புருவத்தில் இறங்கி இனித்தது.
மேலே ஏறினேன்.
போங்க என்று சொல்ல ஆளில்லை.
முப்பது விநாடி எண்ணினேன், எனக்காக.
அவ்வளவு நீளமென்று யாரும் புகார் சொன்னதில்லை.

படுத்தேன். கை மார்பில் குறுக்கே.
கணுக்கால் பின்னல். தலை தூக்கவில்லை.
வானம் ஒரு நீலக் குழாய்க்குள் புகுந்தது.
நான் அலறினேன் என்கிறார்கள்.
சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

குளத்தில் விழுந்து எழுந்தபோது
ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது:
"கட்! கட்!
யாரது, பிணம் மாதிரிப் படுத்துக்கிட்டு வர்றது?
ஜாம்பி மாதிரி வாங்க!"